அம்மாவின் யூரெட்டரில் நீர்க்கொப்புளம், ஃபைலில் சி 66: சரியான கோடு (நோய்க் குறியீடு) எது?

கேள்வி: பாகான் டாலாம் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கோட்ஸ் பிரிவில் 14 வருஷமாகக் கோடு போடுகிறேன், அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் பட்டியல் பார்த்துப் பதிகிறேன். ஒரு நாளைக்கு 30, 40 ஃபைல் கையில் ஓடும். இந்த ஒரு ஃபைலில் மட்டும் கை நின்றுவிட்டது. ஏனென்றால் இது என் அம்மாவுடையது. சிகிச்சை நடந்தது நான் வேலை செய்யும் இடத்தில் அல்ல, வேறு இடத்தில். பெயர் வேண்டாம்.

அம்மாவுக்கு 64 வயது. இனிப்பு நீர் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு இடது பக்கம் கல் அடைத்து, ஸ்டென்ட் (சிறுநீர் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) வைத்து, பிறகு கல்லை உடைத்து எடுத்தார்கள். அதிலிருந்து வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்குவார், நான்கு நாளில் சரியாகும், அதோடு மறந்துவிடுவார். இந்த வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கினார். அடுத்த வாரம் ஒரு காலையில் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். "பாப்பா, இங்க வந்து பாரு. சிராப் தண்ணி மாதிரி போகுது." வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலியில்லாமல் ரத்தம் போகிறது என்றால் என்னவெல்லாம் எழுதப்படும் என்று தினமும் படிக்கிறவள் நான். எனக்குக் கால் நடுங்கியது.

சிறுநீர்ப் பாதையில் டை (படத்தில் தெரிவதற்கான மருந்து) ஏற்றிப் பார்க்கும் சி.டி. யூரோகிராம் எடுத்தார்கள். இடது யூரெட்டரின், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின், மேல் பகுதியில், டை இறங்கும் பாதையில், சின்னச் சின்னதாக ஏழெட்டு இடத்தில் டை நிரம்பவில்லை. பெரியது 5 மில்லிமீட்டர். பல இடத்தில் புற்றுநோய் இருக்கலாம், பார்த்து உறுதி செய்யவும் என்று ரிப்போர்ட். பத்து நாளில் அட்மிட் செய்து யூரெட்டரோஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "கட்டி மாதிரி தெரியலம்மா, தண்ணி நிரம்பின முத்து மாதிரி இருக்கு, சதை எடுத்து அனுப்பியிருக்கேன்" என்றார். ஸ்டென்ட் வைத்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் எச்.பி.இ. (எடுத்த சதையின் திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்தது. யூரெட்டரைட்டிஸ் சிஸ்டிகா, அதாவது அழற்சியால் யூரெட்டரில் வந்த நீர்க்கொப்புளம். வான் பிரன் கூடுகள் இருக்கின்றன, புற்று அணுக்கள் இல்லை. அன்றைக்கு வீட்டில் விளக்கேற்றிவிட்டு அம்மா பால் பாயசம் வைத்தார்.

சிக்கல் இரண்டு மாதம் கழித்து வந்தது. அம்மாவின் மெடிக்கல் கார்டு புதுப்பிக்கும் நேரம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களே, விவரம் வேண்டும் என்று காப்புறுதியிலிருந்து கடிதம். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, நான் போய் நகல் வாங்கினேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் கையால் எழுதியிருக்கிறார்கள்: "இடது யூரெட்டர் கட்டி, ? டி.சி.சி." டி.சி.சி. என்பது ஒரு வகைப் புற்றுநோய். அதன் கீழே பொடி எழுத்தில் "யூரெட்டரைட்டிஸ் சிஸ்டிகா போல் தெரிகிறது, எச்.பி.இ. வரவேண்டும்." மூன்றாவது வரியில் நீர்த்தொற்று, ஈ. கோலை கிருமி. கோடு போட்டவர் முதல் வரியை எடுத்து முதன்மை நோயாக சி 66 போட்டிருக்கிறார். யூரெட்டரில் புற்றுநோய். டாக்டர் பேனாவால் போட்ட அந்தக் கேள்விக்குறி எங்கே போனது? கோடில் கேள்விக்குறி போட இடமே இல்லையே.

கோடு போட்ட பிள்ளையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மாதக் கடைசி நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி அம்மா என்னிடம், "நீங்க என்கிட்ட எதையோ மறைக்கிறீங்களா?" என்று கேட்டார். எச்.பி.இ. ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர் அதைத் தடவிப் பார்த்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதப் போகிறேன். எழுதும் முன் எனக்கே உறுதி வேண்டும். என் பிரிவிலேயே ஆளுக்கொரு பதில். ஒருவர் சிஸ்ட் (நீர்க்கட்டி) தானே, என் (N) 28.1 என்கிறார். இன்னொருவர் இணையத்தில் பார்த்து என் 28.86 என்கிறார், எங்கள் கணினி அந்த ஐந்தாவது எண்ணை ஏற்கவே இல்லை. சந்தேக நோயை உறுதியான நோய் போலக் கோடு செய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்க் குறியீட்டு நூலின் இரண்டாம் தொகுதியிலேயே இருக்கிறது, அதனால் சி 66 தப்பில்லை என்று மூன்றாமவர். இது என்னைத் தூங்கவிடவில்லை. அந்த விதியை நானே எத்தனையோ தடவை பயன்படுத்தியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பிறை பயிற்சிக் கோடர்

அக்கா, நான் இந்த வேலைக்கு வந்து ஏழு மாதம்தான். புற்று இல்லை, சாதாரணக் கட்டி என்றால் டி 30.2 வருமே, யூரெட்டரின் தீங்கற்ற கட்டி. அது சரியாக இருக்குமா? அம்மா இப்போது நலம்தானே?

பதில் 2: செராஸ் கோடிங் அக்கா

தங்கச்சி, முதலில் உங்கள் அம்மா நலமாக இருப்பது பெரிய நிம்மதி. நான் கோலாலம்பூரில் 27 வருஷம் கோடிங் செய்து, இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

பிறைத் தம்பிக்கு முதலில். டி 30.2 வேண்டாம். தீங்கற்றது என்பதும் கட்டி என்பதும் வேறு வேறு. டி என்று தொடங்கும் அந்தப் பகுதி திசு தானாக வளர்ந்து கட்டியாவதற்கு. இங்கே நடந்தது அது இல்லை. தொற்று, கல், ஸ்டென்ட் என்று வருஷக்கணக்கில் உறுத்தல் இருந்தால் யூரெட்டரின் உள் தோல் சின்ன மொட்டு மொட்டாகக் கீழ்ப்படலத்துக்குள் இறங்கும். அப்படி இறங்கிப் பிரிந்த கூட்டத்துக்குத்தான் வான் பிரன் கூடு என்று பெயர். 1893-இல் அவர் விவரித்தார். கூட்டின் நடுவில் இருக்கும் அணுக்கள் கரைந்து நீர் கோத்துக்கொண்டால் அது கொப்புளம். யூரெட்டரில் இப்படிக் கொப்புளங்கள் இருப்பதை மோர்காக்னி 1761-லேயே எழுதிவிட்டார். ஆக இது அழற்சியின் விளைவு, கட்டி அல்ல. அதே காரணத்தால் டி 41.2-உம் ஆகாது. அது கட்டிதான், ஆனால் எப்படி நடந்துகொள்ளும் என்று திசுவைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை என்னும் இடத்துக்கு. ரிப்போர்ட் வரவில்லை என்பதற்காக அதைப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் 28.1-உம் ஆகாது. அது சிறுநீரகத்தில் பிற்பாடு வந்த நீர்க்கட்டி. சிஸ்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் அகரவரிசையில் சிஸ்ட் என்ற தலைப்புக்கு ஓடினால் அங்கேதான் போய் நிற்போம். நோயின் பெயர் எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அங்கே போக வேண்டும். மூன்றாம் தொகுதியில் யூரெட்டரைட்டிஸ் என்று தேடுங்கள். அதன் கீழ் சிஸ்டிகா, என் 28.8. முதல் தொகுதியிலும் என் 28.8-க்குக் கீழே இது பெயரோடு இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு வரி, கல்லால் வந்த யூரெட்டரைட்டிஸ் என்றால் என் 20.1. அம்மாவுக்கு இந்தத் தடவை கல் இல்லை என்றால் என் 20.1 வராது, பழைய கல்லுக்கு இசட் 87.4 போதும். டாக்டர் ஒருவேளை கல்லும் இருந்தது என்று எழுதியிருந்தால் முழுக் கதையும் மாறும். அதனால் ஆபரேஷன் நோட்டை ஒரு தடவை வரி விடாமல் படியுங்கள்.

என் 28.86 அமெரிக்கர்களுடையது. ஐசிடி-10-சிஎம் என்று அவர்கள் விரித்து வைத்திருக்கும் பதிப்பு; 2015 அக்டோபர் முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. அதில் சிறுநீரக இடுப்பில் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் இடத்தில்) மட்டும் என்றால் 28.84, இடுப்பும் யூரெட்டரும் சேர்ந்து என்றால் 28.85, யூரெட்டர் மட்டும் என்றால் 28.86. இணையத்தில் கோடு தேடினால் முதலில் வந்து விழுவது இதுதான். நாம் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பு. அதில் என் 28.8-உடன் நின்றுவிடும். கணினி ஏற்காதது கணினியின் கோளாறு அல்ல. ஆனால் ஒன்று. என் 28.8 ஒரு பெரிய மூட்டை. இடம் நழுவிய சிறுநீரகம், வீங்கிப் பெருத்த யூரெட்டர், யூரெட்டரோசீல் எல்லாம் அதற்குள்தான். அதனால் கோடின் பக்கத்தில் நோயின் பெயரை முழுதாகத் தட்டெழுதுங்கள். ஐந்து வருஷம் கழித்து ஒரு டாக்டர் யூரெட்டரைட்டிஸ் சிஸ்டிகா கேஸ்களைக் கேட்டால் எண்ணை வைத்துப் பிரித்தெடுக்க முடியாது, பெயரை வைத்து முடியும்.

இப்போது உங்களைத் தூங்கவிடாத விதி. சிகிச்சைக் காலம் முடிந்தும் நோய் சந்தேகத்திலேயே இருந்தால், அதை உறுதியான நோய் போலக் கோடு செய்ய வேண்டும் என்று இரண்டாம் தொகுதி சொல்கிறது, உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். மேற்கொண்டு தகவலோ தெளிவோ இல்லாத நிலையில்தான் அப்படி. உங்கள் அம்மாவின் சம்மரியிலேயே எச்.பி.இ. வரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. தகவல் வழியில் வந்துகொண்டிருக்கிறது. மேலும் அதே தாளில் டாக்டர் கண்ணால் பார்த்ததும் எழுதியிருக்கிறார். அங்கே அந்த விதி வேலை செய்யாது. ஃபைலைத் தனியாக எடுத்து வைத்து ரிப்போர்ட் வந்ததும் போட வேண்டும். மாதக் கடைசி என்றால், தாமதமானாலும் பரவாயில்லை என்று மேலாளரிடம் நின்று பேச வேண்டும். நான் பேசியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். ஒரு மனிதரின் பெயரில் சி எழுத்து ஏறிவிட்டால் அது ஃபைலோடு நிற்பதில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த கடிதமே சாட்சி.

சி.டி. எடுத்த அன்று கிளினிக் வருகைக்குக் கோடு கேட்டால் ஆர் 93.4. சிறுநீர் உறுப்புகளின் படத்தில் மாறுபாடு. யூரெட்டரில் டை நிரம்பாத இடம் என்று பெயர் சொல்லியே அதில் சேர்த்திருக்கிறார்கள். நம்மவர்கள் ஏனோ இந்தக் கோடைத் தொடுவதே இல்லை. படத்தில் என்ன தெரிந்ததோ அதை மட்டும் சொல்லி, தெரியாததைச் சொல்லாமல் விடும் கோடு அது.

அட்மிஷனுக்கு நான் போடுவது: முதன்மை நோய் என் 28.8. அம்மா படுத்ததே அந்த இடத்தைப் பார்க்கத்தான், பார்த்ததில் கிடைத்த பதில் அதுதான். கூட நீர்த்தொற்றுக்கு என் 39.0, அதற்குத் துணையாக ஈ. கோலைக்கு பி 96.2. சிறுநீர்ப்பை அழற்சி என்று டாக்டர் இடம் குறித்து எழுதியிருந்தால் என் 39.0 கூடாது, என் 30-க்குப் போக வேண்டும். இனிப்பு நீருக்கு இ 11, நான்காவது எண் டாக்டர் எழுதியதைப் பொறுத்து. ரத்தம் போனதற்குத் தனியாக ஆர் 31 வேண்டாம், காரணம் தெரிந்துவிட்டது. செய்முறைக்கு உங்கள் இடத்தில் பழைய ஐசிடி-9-சிஎம் பட்டியல் என்றால் 56.33, ஸ்கோப் வழியாக யூரெட்டரில் சதை எடுத்தது. ஸ்கோப் விட்டதற்கு 56.31 தனியாகப் போட வேண்டாம், உள்ளே போகாமல் சதை எடுக்க முடியாது. ஸ்டென்ட் 59.8. கீழிருந்து டை ஏற்றிப் படம் எடுத்திருந்தால் 87.74.

பதில் 3: செந்தூல் எக்ஸ்ரே தாத்தா

மகளே, கோடு எனக்குத் தெரியாது. நான் 1979 முதல் எக்ஸ்ரே அறையில் நின்றவன், ஓய்வு பெற்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் ஏன் புற்றுநோய் என்று எழுதினார்கள் என்று உங்கள் மனதில் கோபம் இருந்தால் அது கொஞ்சம் தணியட்டும். எழுதியது சரி. எழுதாமல் விட்டிருந்தால்தான் தப்பு.

எங்கள் காலத்தில் சி.டி. கிடையாது, ஐ.வி.யு. தான். கையில் டை ஏற்றி, வயிற்றில் பெல்ட் கட்டி அழுத்தி, நிமிஷக் கணக்குப் பார்த்துப் படம் எடுப்போம். டை வெள்ளை. அதற்குள் ஏதாவது உட்கார்ந்திருந்தால் அந்த இடம் கறுப்பு. அந்தக் கறுப்பு காற்றா, ரத்தக்கட்டியா, எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லா, புற்றா, கொப்புளமா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஐந்துமே கறுப்புதான்.

ஒரு அம்மாவை இன்றும் நினைவிருக்கிறது. கீழிருந்து குழாய் வைத்து டை ஏற்றினார் டாக்டர். திரையில் யூரெட்டர் நெடுக வட்ட வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு. குழாயில் காற்று சரியாக வெளியேற்றாமல் விட்டால் இப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். மேசையைச் சாய்க்கவா என்று கேட்டேன். தலைப்பக்கத்தை மெல்ல உயர்த்தினேன். மணி கோத்த நூலை இழுத்த மாதிரி அந்த வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுநீரகம் பக்கம் ஏறின. தலையைத் தாழ்த்தினேன், திரும்பி இறங்கின. ஆனால் நான்கு மட்டும் அசையவில்லை. எத்தனை தடவை சாய்த்தாலும் அதே இடம், அதே அளவு. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு உள்பக்கம் புடைத்து நின்றன. பிஸ்கட் ஓரத்தை எலி கடித்த மாதிரி டையின் ஓரத்தில் அரைவட்டம். டாக்டர் அன்றைக்கே, இது சிஸ்டிகாவாக இருக்கும் என்றார். ஆனாலும் படத்தை வைத்து முடிக்கவில்லை, உள்ளே பார்க்க அனுப்பினார்.

இப்போது சி.டி. வந்ததும் பாதி சந்தேகம் போயிற்று. டை கொடுக்கும் முன் ஒரு சுற்று எடுக்கிறார்களே, அதில் யூரிக் அமிலக் கல்லும் பளிச்சென்று தெரிந்துவிடும். டை ஏறும்போது புற்றுநோயின் சதை டையை உறிஞ்சிக் கொஞ்சம் வெளுக்கும், கொப்புளத்தின் உள்ளே இருக்கும் நீர் வெளுக்காது. ஆனால் 3 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டரில் அதை அளந்து சொல்வது லேசில்லை. ரத்தக்கட்டி என்றால் இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படத்தில் கரைந்திருக்கும் அல்லது இடம் மாறியிருக்கும். புற்று என்றால் பெரும்பாலும் ஓரம் கரடுமுரடு, சுவர் தடிப்பு. கொப்புளம் வழவழப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொப்புளம் உள்பக்கம் புடைக்கும். சிலருக்கு யூரெட்டர் சுவர் வெளிப்பக்கமாகச் சின்னச் சின்னப் பையாகத் துருத்தும், பொய் டைவர்டிகுலம் என்பார்கள். படத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள் இரண்டையும் குழப்புவார்கள். குழப்பக்கூடாது. அந்த வெளிப்பைகள் உள்ளவர்களைப் புற்றுநோய்க்காகத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். நம் ஊரில் காசநோயையும் மறக்கக்கூடாது, அதுவும் யூரெட்டரை மணி மணியாகச் சுருக்கிக் காட்டும். அம்மாவுக்குக் காலைச் சிறுநீர் மூன்று நாள் எடுத்து அனுப்பினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 4: தியேட்டர் மிஸ்ஸி

நான் யூராலஜி (சிறுநீர் உறுப்பு) ஆபரேஷன் தியேட்டரில் 11 வருஷமாக நர்ஸ். உங்கள் டாக்டர் முத்து என்று சொன்னது ரொம்பச் சரி. நான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது, பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி. தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே ஸ்கோப் மேலே போகும். இளஞ்சிவப்புச் சுவர், மெல்லிய நரம்புகள். திடீரென்று சுவரில் ஒட்டிய ஜவ்வரிசி ஒன்று, பிறகு இரண்டு, பிறகு கொத்தாக. வெளிச்சம் உள்ளே ஊடுருவிப் போகும். அதன் மேல் ஓடும் ரத்தக் குழாய்கூட முடிபோலத் தெரியும். லேசாகக் குத்தினால் தெளிந்த நீர் வெளியே வந்து, கொப்புளம் தட்டையாகிவிடும். புற்று அப்படி இருக்காது. அது கடலடிப் பாசி மாதிரி, நுனி நுனியாக அசையும், தொட்டால் ரத்தம் கசியும்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஏன் சதை எடுக்கிறார்கள் என்று வீட்டார் கேட்பார்கள். இரண்டும் ஒரே யூரெட்டரில் இருக்க முடியும், அதனால்தான். எடுப்பது கடுகு அளவுதான். ஃபார்மலினில் போட்டு, இடதா வலதா, மேலா கீழா என்று சீட்டில் எழுதாமல் நான் அறையை விட்டு நகரமாட்டேன். சிறுநீரைச் சைட்டாலஜிக்கு (அணுப் பரிசோதனைக்கு) அனுப்பி அது சந்தேகம் என்று வந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். கல்லோ ஸ்டென்ட்டோ உள்ளே உரசிக்கொண்டிருந்தாலும் அணுக்கள் விகாரமாகத் தெரியும். அதைத் தீர்த்து வைப்பது சதைதான்.

அம்மாவிடம் தமிழில் இப்படிச் சொல்லுங்கள். இது புற்று இல்லை, புற்றாக மாறப்போகிற ஒன்றும் இல்லை. தொற்று போனாலும் கொப்புளங்கள் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கலாம். அடுத்த படத்திலும் தெரிந்தால் பதறவேண்டாம். சிறுநீர் ஓட்டத்தை அடைத்தால் மட்டும்தான் லேசர் வைத்து உடைப்பார்கள். மற்றபடி வைத்தியம் காரணத்துக்குத்தான். தொற்று, கல், சர்க்கரை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேனுக்குப் போக வேண்டும், அதை விடக்கூடாது.

அடுத்து, நீங்கள் யாரும் கேட்காத ஒன்று. அந்த ஸ்டென்ட்டை எடுத்துவிட்டார்களா? உறுத்தலால் வந்த நோய்க்கு உள்ளே இன்னொரு உறுத்தலை மறந்து வைத்திருக்கக்கூடாது. எடுக்கும் தேதியை மறந்து வருஷம் கழித்து, மேலெல்லாம் கல் படிந்த ஸ்டென்ட்டோடு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கே அந்தத் தேதி எழுதிய கார்டை எடுத்துப் பாருங்கள்.

பதில் 5: பாகான் டாலாம் பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன், மூன்று வாரம் ஓடிவிட்டது.

மிஸ்ஸி, உங்கள் பதிலைப் படித்த ராத்திரி அம்மாவின் கைப்பையைக் கொட்டி கார்டைத் தேடினேன். ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி தாண்டி 12 நாள். கடிதப் பதற்றத்தில் மூன்று பிள்ளைகளும் மறந்திருக்கிறோம். மறுநாள் காலையே போன் செய்தேன், அந்த வாரத்திலேயே எடுத்துவிட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தாத்தா, காசநோய் பரிசோதனையும் கேட்டேன். அனுப்பியிருக்கிறார்கள், கிருமி இல்லை.

அக்கா, ஆபரேஷன் நோட்டை வரி விடாமல் படித்தேன். கல் இல்லை, கீழிருந்து டை ஏற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள், நீங்கள் சொன்னபடி எல்லாம் பொருந்தியது. கடிதத்தில் யாரையும் குறை சொல்லவில்லை. சம்மரி எழுதிய தேதி, எச்.பி.இ. வந்த தேதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேற்கொண்டு தகவல் இல்லாதபோது என்ற அந்த வரியைக் குறிப்பிட்டேன். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதினேன். ஆனால் ரெக்கோட்ஸ் பிரிவுக்கு மட்டும் அனுப்பவில்லை. டாக்டரையும் போய்ப் பார்த்தேன். சம்மரியில் அந்த முதல் வரி இருக்கும்வரை கோடை மட்டும் மாற்றினால் நாளைக்கு வேறொருவர் வந்து திரும்ப சி 66 போடலாம் என்றேன். அவர் ஃபைலை வாங்கிப் பார்த்தார். ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) எழுதியது, நான் கவனித்திருக்க வேண்டும் என்றார். அங்கேயே கூடுதல் குறிப்பு எழுதினார். இறுதி நோய் யூரெட்டரைட்டிஸ் சிஸ்டிகா, இடது, எச்.பி.இ. உறுதி, புற்றுநோய் இல்லை. தேதி, கையெழுத்து, முத்திரை. பழைய வரியை அடித்து மறைக்கவில்லை, அதுவும் சரிதான். அன்றைக்கு அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆறு வேலை நாளில் என் 28.8 என்று மாற்றிய தாள் வந்தது. அதையும் கூடுதல் குறிப்பையும் காப்புறுதிக்கு அனுப்பிவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம். கோடு போட்ட பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். 23 வயது இருக்கும். எச்.பி.இ. வரவேண்டிய ஃபைல்களை இப்போது மஞ்சள் பட்டை ஒட்டித் தனித் தட்டில் வைக்கிறாளாம். என் பிரிவிலும் போன வாரம் அதைத் தொடங்கிவிட்டேன். முதல் நாளே தட்டில் ஒன்பது ஃபைல் சேர்ந்தது. அதில் இரண்டில் நானே ஏற்கெனவே கோடு போட்டு முடித்திருந்தேன். திரும்ப எடுத்திருக்கிறேன்.

அக்கா, கடைசியாக ஒன்று. ஸ்டென்ட் எடுத்த அந்த நாளுக்கு என் 28.8-ஐ முதன்மையாகப் போடலாமா?

பதில் 6: செராஸ் கோடிங் அக்கா

வேண்டாம், தங்கச்சி. அன்று வந்தது ஸ்டென்ட்டுக்காக மட்டும். இசட் 46.6 முதன்மை, செய்முறை 97.62. டாக்டர் அன்று கொப்புளங்களைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் என் 28.8-ஐ இரண்டாவதாகச் சேருங்கள். அந்த இரண்டு ஃபைலில் எச்.பி.இ. என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.